சின்ன டீமின் இஷ்யூ டிராக்கரும் விக்கியும் ரொம்ப மெதுவாக இருக்கின்றன, யாரும் அதில் எழுதுவதும் இல்லை. என்ன செய்யலாம்?

ஆபீஸ் மூலையில் ஒரு பழைய கணினியில் ட்ராக் (பிழைகளைப் பதியும் டிராக்கரும் விக்கியும் சேர்ந்த மென்பொருள்) ஓடுகிறது, ஏழெட்டுப் பேர் டீம், பிழைகள் எல்லாம் வாட்ஸ்அப் குழுவுக்கே போகின்றன என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். நான் சேலத்தில், கொலுசுப் பட்டறைகளுக்கான கணக்கு மென்பொருள் ஒன்றின் டீமில் இருக்கிறேன். அதன் டிராக்கரும் விக்கியும் என் பொறுப்பு. அதுவும் ட்ராக்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் இரண்டு பிரச்சினைகளைக் கேட்டிருக்கிறீர்கள். மெதுவாக இருப்பது சின்னப் பிரச்சினை, ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். யாரும் எழுதாததுதான் பெரிது. சர்வரை ராக்கெட் மாதிரி ஆக்கினாலும் அது தானாகத் தீராது.

சரி, முதலில் வேகம். ட்ராக் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். சிஜிஐ என்ற பழைய முறையில் ஓடினால் ஒவ்வொரு பக்கத்துக்கும் பைதான் புதிதாகக் கிளம்பி வர வேண்டும். பைதானை ஓடியபடியே வைத்திருக்கும் அப்பாச்சி மாட்யூலான மாட்-டபிள்யூஎஸ்ஜிஐக்கு மாற்றுங்கள். ஏழெட்டுப் பேருக்கு ட்ராக்கோடு வரும் சின்ன சர்வரான ட்ராக்டியே போதும். அடுத்து, அமைப்புக் கோப்பில் லாக் பதிவின் நிலை 'டீபக்' (எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதுவது) என்று கிடக்கிறதா பாருங்கள். யாரோ என்றைக்கோ ஏதோ தேட வைத்துவிட்டு மறந்திருப்பார்கள். ட்ராக் பழைய பதிப்பாக இருந்தால், ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும் ரெப்பாசிட்டரியில் (கோட் இருக்கும் களஞ்சியத்தில்) புது கமிட், அதாவது கோட் மாற்றம், வந்திருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வரும். அந்த அமைப்பைக் காலியாக்கிவிட்டு, கமிட் ஆனதும் தானாக ஓடி ட்ராக்குக்குத் தகவல் சொல்கிற ஹுக் ஒன்றைப் போடுங்கள். பல இடங்களில் மெதுவுக்குக் காரணம் இது ஒன்றுதான்.

டேட்டாபேஸ் எஸ்க்யூலைட்டாக இருக்கும், ட்ராக் முதலில் அதைத்தான் போட்டுக்கொள்ளும். அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். 'டேட்டாபேஸ் லாக்ட்' (டேட்டாபேஸ் பூட்டியிருக்கிறது) என்று அடிக்கடி வந்தால் போஸ்ட்கிரஸ் என்ற பெரிய டேட்டாபேஸுக்குப் போய்விடலாம். அதற்கு முன் அந்தக் கோப்பு நெட்வொர்க் டிரைவில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே உள்ளூர் டிஸ்க்குக்குக் கொண்டுவாருங்கள், எஸ்க்யூலைட்டுக்கும் நெட்வொர்க் டிரைவுக்கும் ஒத்துவராது. டிராக்கர் வெளி இணையத்தில் திறந்திருந்தால் தேடுபொறிகளின் பாட்கள் ஒவ்வொரு கோப்பின் ஒவ்வொரு பழைய பதிப்பையும் மேய்ந்துகொண்டிருக்கும். பாட்களுக்கு வழி சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் ட்ராக்கின் பிரவுசர் (கோட் பார்ப்பது), சேஞ்ச்செட் (கோட் மாற்றங்கள்), க்வெரி (தேடல்) பக்கங்களை அடைத்துவிடுங்கள். வேகத்துக்கு இவ்வளவு போதும்.

இப்போது ஏன் யாரும் எழுதுவதில்லை என்ற கதை. என் கணிப்பில் முதல் காரணம் போட்டோ. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை ஒன்றில் பில் தப்பாக வந்தால் அங்கே இருக்கிற எங்கள் பையன் செய்கிற முதல் வேலை, திரையைப் போனில் போட்டோ எடுப்பது. அது இரண்டு மூன்று எம்பி இருக்கும். ட்ராக்கில் இணைக்கும் கோப்பின் அளவு வரம்பு, நாம் மாற்றாத வரை, 262144 பைட். அதாவது 256 கேபி. போட்டோ ஏறாது. ஏறாவிட்டால் அவன் என்ன செய்வான்? குழுவில் போட்டுவிட்டு, 'அண்ணா, பில் தப்பா வருது, பாருங்க' என்று ஒரு வாய்ஸ் மெசேஜும் அனுப்புவான். அந்த அளவை ஐந்து எம்பி ஆக்குங்கள். ட்ராக்குக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் வைத்திருந்தால் அதற்குத் தனியாக 1 எம்பி வரம்பு உண்டு, அதையும் ஏற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் போட்டோ அங்கேயோ இங்கேயோ மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது காரணம், பிழையைப் பதியும் படிவம். பல அலுவலகங்களின் ட்ராக்கில் இன்னமும் 'காம்பொனென்ட்1', 'காம்பொனென்ட்2', 'மைல்ஸ்டோன்1' என்று நிறுவியபோது வந்த பெயர்களே இருக்கின்றன. புதிதாக வருகிறவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? முன்னுரிமையும் அப்படித்தான். தானாக 'மேஜர்' என்று நிற்கும், யாரும் தொட மாட்டார்கள், கடைசியில் எல்லா டிக்கெட்டும் (பதிந்த ஒவ்வொரு பிழையும்) மேஜர். பிறகு அந்தக் கட்டத்துக்கு என்ன மதிப்பு? ஒரு கட்டத்துக்கான மதிப்புகளை அட்மின் பக்கத்தில் மொத்தமாக நீக்கிவிட்டால் ட்ராக் அந்தக் கட்டத்தையே காட்டாது. நாங்கள் வெர்ஷன், சிவியரிட்டி (பிழையின் தீவிரம்) இரண்டையும் அப்படி எடுத்துவிட்டோம். மென்பொருளின் எந்தப் பகுதி என்று கேட்கும் காம்பொனென்ட்டில் வரவு, பற்று, கூலி, பில் என்று பட்டறைக்காரர்கள் பேசுகிற பெயர்களையே வைத்தோம்.

மூடும்போது வருகிற சொற்களையும் மாற்றிவிடுங்கள். 'இன்வேலிட்' (செல்லாது) என்றும் 'வொர்க்ஸ்ஃபார்மீ' (என்னிடம் சரியாக ஓடுகிறது) என்றும் டிக்கெட்டை மூடினால், மெனக்கெட்டு எழுதியவருக்கு மூஞ்சியில் அடித்த மாதிரி இருக்கும். அவர் மறுபடி எழுத மாட்டார். நாங்கள் 'இன்னும் விவரம் வேண்டும்' என்று ஒன்றைச் சேர்த்து அந்த இரண்டையும் தூக்கிவிட்டோம்.

எழுதுகிறவருக்குத் துணையாக ஒரு சின்ன வழியும் இருக்கிறது. புது டிக்கெட் பக்கத்தின் முகவரியிலேயே விவரப் பகுதியின் வாசகத்தைச் சேர்த்து அனுப்பலாம், பிளக்இன் எதுவும் தேவையில்லை. விக்கியின் முதல் பக்கத்தில் அப்படி ஒரு இணைப்பு வைத்திருக்கிறோம். அதைத் தொட்டால் படிவத்தில் நான்கு வரி ஏற்கெனவே நிற்கும்: எந்தத் திரை, என்ன கொடுத்தீர்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும். இதனால் என்ன பலன் என்பதற்கு ஒரு டிக்கெட்டையே காட்டுகிறேன். குழுவில் வந்தது: 'மாசக் கடைசில வெள்ளி கணக்கு டேலி ஆகல.' டிக்கெட்டில் வந்தது: 'பில் திரை. டச் 65.5. முதல் வரி 412.45 கிராம், இரண்டாவது 837.90 கிராம். சுத்த வெள்ளி 270.15, 548.82, கூட்டினால் 818.97. மொத்த எடையான 1250.35க்குப் போட்டால் 818.98 வர வேண்டும்.' (டச் என்பது நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற கணக்கு.) இதைப் படித்த நிமிடமே புரிந்துவிடும்: வரிக்கு வரி ரவுண்ட் செய்துவிட்டுக் கூட்டுகிறோம், கூட்டிய பிறகு ரவுண்ட் செய்ய வேண்டும். பத்து மில்லிகிராம்தானே என்று தோன்றலாம். மாதம் முழுக்க ஓடுகிற பில்களில் அது சேர்ந்தால் பட்டறைக்காரர் நம்மைத்தான் சந்தேகப்படுவார். முதல் செய்தியை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்கப் போன் மேல் போன் போட வேண்டியிருக்கும்.

எங்களில் ஒருவர் ஏற்காட்டில் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார். மழையும் மூடுபனியுமாக இருக்கும் நாளில் சிக்னல் வரும், போகும். அவருக்காக டைம்லைனை (சமீபத்திய மாற்றங்களின் பட்டியலை) முப்பது நாளிலிருந்து ஏழு நாளாகக் குறைத்தோம், பக்கம் சட்டென்று திறக்கிறது. மின்னஞ்சல் அறிவிப்பையும் போட்டுவிட்டோம் (ட்ராக்கில் நாம் போடாத வரை அது அணைந்தே இருக்கும்). சிக்னல் வரும் நேரத்தில் டிக்கெட் முழுக்க மெயிலில் இறங்கிவிடுகிறது.

விக்கிக்கு வருவோம். என் அபிப்பிராயம் கொஞ்சம் கறார்: டிக்கெட்டிலிருந்து யாரும் சுட்டாத பக்கம் விக்கியில் இருக்க வேண்டியதில்லை. 'நம் நோக்கம்', 'கோடிங் விதிமுறைகள்' என்று ஆரம்ப உற்சாகத்தில் எழுதிய பக்கங்களை யாரும் திறப்பதில்லை. ஒரே கேள்விக்கு இரண்டாவது டிக்கெட் வந்தால் பதிலை விக்கியில் எழுதி, டிக்கெட்டில் இணைப்பு கொடுத்து மூடுங்கள். விக்கி அப்படி வளரட்டும்.

ட்ராக் விக்கியில் நம் ஆட்களைக் குழப்புகிற விஷயம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் நடுவில் பெரிய எழுத்து வரும் சொல்லை அது தானாகப் பக்க இணைப்பாக்கிவிடும். வாட்ஸ்அப், கிட்ஹப், ஜாவாஸ்கிரிப்ட் என்று ஆங்கிலத்தில் எழுதினால் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கேள்விக்குறி முளைத்து நிற்கும். இல்லாத பக்கங்களை விட்டுவிடச் சொல்லும் அமைப்பு விக்கி பகுதியில் இருக்கிறது, அதைப் போட்டால் தொல்லை விட்டது. தமிழில் பெரிய எழுத்து கிடையாது என்பதால் தமிழ்ப் பக்கப் பெயர் தானாக இணைப்பாகாது, இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால் யாரும் தமிழில் பக்கம் தொடங்க மாட்டார்கள்.

அப்புறம், சர்வர் படுத்தால் எழுப்புவது எப்படி என்ற பக்கத்தை அதே சர்வரின் விக்கியில் மட்டும் வைக்காதீர்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முடிந்து கரண்ட் வரும்போது அந்தப் பக்கம்தான் வேண்டியிருக்கும். அச்செடுத்துக் கணினிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

'பேசாமல் வேறு எதற்காவது மாறிவிடலாமா' என்றும் கேட்டிருந்தீர்கள். ரெட்மைன், கிட்லேப் போன்ற மற்ற டிராக்கர்கள் எல்லாம் நல்லவைதான். ஆனால் பத்துப் பேருக்குக் கீழே இருக்கிற டீமுக்கு மாற்றுகிற செலவு வீண் என்பது என் எண்ணம். வேர்ட்பிரஸ், ஜாங்கோ போன்ற பெரிய மென்பொருள் திட்டங்களே அத்தனை ஆயிரம் டிக்கெட்டுகளை ட்ராக்கில்தான் வைத்திருக்கின்றன. பதிப்பை மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள்: 1.4 வரை பைதான் 2தான், பைதான் 3க்கு வந்தது 2023இல் வெளியான 1.6. பழைய பிளக்இன்கள் சில அதில் ஓடாது. அதனால் ட்ராக்கின் ஹாட்காப்பி கட்டளையால் முழு நகல் எடுத்து (டேட்டாபேஸை மட்டும் நகலெடுத்தால் இணைப்புக் கோப்புகள் விட்டுப்போகும்) வேறொரு கணினியில் வைத்து அப்கிரேட் ஓட்டுங்கள். அங்கே பழைய டிக்கெட்டுகளைத் திறந்து போட்டோக்கள் வருகின்றனவா என்று பார்த்துவிட்டு, அப்புறம் ஆபீஸ் சர்வரில் கை வையுங்கள்.