கேளுங்கள்: நீருக்குள் போன ஊரும் கமராவும்

இந்தியாவில் நர்மதை ஆற்றின் சர்தார் சரோவர் அணையால் இடம்பெயர்ந்தோரைப் பற்றிய ஆவணப்படமொன்றை எங்கள் சனசமூக நிலையத்தில் போட்டோம். அணை ஓரிடத்தில் 80 மீற்றர், பிறகு 90, பிறகு 121 என்கிறார்கள். எது சரி?
– வாசகர், சுன்னாகம்

எல்லாமே சரி, அந்தந்த ஆண்டுக்கு. 1995இல் வேலை நின்றபோது 80 மீற்றரளவு. 2000இல் இந்திய உச்ச நீதிமன்றம் 90 வரை கட்ட விட்டது. 2006இல் 121.92. கதவுகளோடு 138.68, திறப்புவிழா 2017. இவை கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டவை, அத்திவாரத்திலிருந்து அல்ல. அதனால்தான் ஒரு வீட்டின் மட்டம் தெரிந்தால் அது எந்தக் கட்டத்தில் மூழ்கும் என்று சொல்லலாம். ஆனால் மாரியில் வெள்ளம் அணைக்கு மேலால் வழியும்போது அதற்கும் மேலேயுள்ள வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும்.

நர்மதை நீர்ப் பிணக்கை விசாரித்த தீர்ப்பாயம் 1979இல் இன்னொரு கணக்கும் வைத்தது: காணியில் காற்பங்குக்கு மேல் இழந்த குடும்பத்துக்குக் குறைந்தது 2 ஹெக்ரேயர், அதுவும் மூழ்குவதற்கு ஓராண்டு முன்பே. ஊரின் மட்டத்தையும் மாற்றுக்காணி கைக்கு வந்த திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டாத படத்தில் அழுகை மட்டுந்தான் மிஞ்சும்.

மலையகத்தில் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் போன பழைய மஸ்கெலியா ஊரைப் படமெடுக்க நினைக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
– மாணவர்கள், திருநெல்வேலி

வரட்சியில் தண்ணீர் வற்றினால்தான் பழைய கோயில் வெளியே தெரியும். தென்மேற்குப் பருவமழைக்கு முன் போய்விடுங்கள். காய்ந்த சேறு மேலே பாளமாக இருக்கும், கீழே களி. முக்காலியோடு இறங்கினால் புதையும். ஒவ்வொரு நாளும் ஒரே கல்லிலிருந்து ஒரே கோணத்தில் ஒரு காட்சி எடுத்துத் திகதியைக் குறியுங்கள். படத்தொகுப்பில் தண்ணீர் ஏறுவது தானாகத் தெரியும்.

நீர்த்தேக்கக் காற்று மைக்கில் அடித்தால் பிறகு திருத்த முடியாது. சட்டை மைக்குக்கு மயிருறை போட்டு, ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பதியுங்கள். கதைத்து முடிந்ததும் 30 செக்கன் வெறும் சத்தம் பதிந்தால் வெட்டு ஒட்டுத் தெரியாது.

யாழ்ப்பாணத்துப் பழக்கத்தில் "காணி உறுதி இருக்கா?" என்று தொடங்காதீர்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக்கு உறுதி இல்லை. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான மலையகத் தமிழர் பலர் அக்கால வாக்காளர் இடாப்பிலும் இல்லை. செக்ரோல் (தோட்டத்து வேலைப் பதிவேடு), பாடசாலை இடாப்பு, திருவிழா நோட்டீஸ் தேடுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால், லயம் எங்கே, கோயில் எங்கே, கடைத்தெரு எங்கே என்று முதியவர் தன் கையாலேயே தாளில் கீறட்டும். கமரா முகத்தை விட்டுக் கையில் நிற்கட்டும்.