ஆர்டிஓஎஸ் (குறித்த நேரத்துக்குள் வேலை முடிக்க வேண்டிய கருவிகளுக்கான இயங்குதளம்) சந்தை: நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: அண்ணா, ஃப்ரீஆர்டிஓஎஸ் சும்மா கிடைக்கும்போது விஎக்ஸ்வொர்க்ஸுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

விமானம், விண்கலம், மருத்துவக் கருவி செய்கிறவர்கள். கெர்னலுக்காக, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்காக, மட்டும் அல்ல. சான்றிதழ் ஆவணங்களுக்கும் டூல்களுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். ஒரு உதாரணம்: 1997-இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலத்தில் விஎக்ஸ்வொர்க்ஸ்தான் ஓடியது. அதன் கணினி திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. வானிலைத் தகவல் சேகரிக்கும் குறைந்த முன்னுரிமை டாஸ்க் (நிரலின் ஒரு தனி வேலை) ஒரு மியூட்டெக்ஸைப் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு) பிடித்திருக்கும். உயர்ந்த முன்னுரிமை டாஸ்க் அதற்காகக் காத்திருக்கும். நடுத்தர முன்னுரிமை டாஸ்க் குறுக்கே புகுந்து சிபியூவை எடுத்துக்கொள்ளும். வேலை முடியாததால் கணினி தானே ரீசெட் ஆகிவிடும். நாசாவின் ஜேபிஎல் ஆய்வகப் பொறியாளர்கள் பூமியில் இருந்த நகலில் இதே கோளாறை வரவைத்து, டிரேஸ் (எந்த டாஸ்க் எப்போது ஓடியது என்ற பதிவு) பார்த்துப் பிடித்தார்கள். அந்த மியூட்டெக்ஸுக்கு பிரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸை (பூட்டைப் பிடித்திருக்கும் டாஸ்குக்கு, காத்திருக்கும் டாஸ்கின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுப்பது) ஆன் செய்ததும் சரியாகிவிட்டது. அப்படித் தோண்டிப் பார்க்கும் வசதிக்குத்தான் அந்த விலை.

கேள்வி: பிஎஸ்ஓஎஸ் என்று ஒன்று இருந்ததே சார், என்ன ஆனது?

விஎக்ஸ்வொர்க்ஸின் நேரடிப் போட்டியாளர் அது. 2000-இல் விஎக்ஸ்வொர்க்ஸைச் செய்யும் விண்ட் ரிவர், பிஎஸ்ஓஎஸ்ஸின் கம்பெனியையே வாங்கி, வாடிக்கையாளர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அப்புறம் விண்ட் ரிவரே கை மாறியது: 2009-இல் இன்டெல், 2018-இல் டிபிஜி என்ற முதலீட்டு நிறுவனம், 2022-இல் ஆப்டிவ் என்ற கார் தொழில்நுட்ப நிறுவனம். பதினைந்து வருடம் ஓட வேண்டிய கருவிக்கு ஓஎஸ் தேர்ந்தெடுக்கிறீர்களா? சோர்ஸ் கோடு உங்கள் கைக்கு வருமா என்பதை முதலில் கேளுங்கள், ராயல்டியை (விற்கும் ஒவ்வொரு கருவிக்கும் கட்டும் தொகை) அப்புறம் பேசலாம்.

கேள்வி: அமேசானுக்கும் மைக்ரோசாஃப்டுக்கும் இதில் என்ன லாபம்?

கிளவுட். கருவி தங்கள் கிளவுடோடு பேசினால் அவர்களுக்கு அங்கே வருமானம். அதனால் 2017-இல் ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸை அமேசான் ஏற்று எம்ஐடி லைசென்ஸில் (யாரும் இலவசமாகப் பயன்படுத்தி மாற்றலாம் என்ற உரிமம்) விட்டது. மைக்ரோசாஃப்ட் 2019-இல் த்ரெட்எக்ஸ் என்ற இன்னொரு ஆர்டிஓஎஸ்ஸை வாங்கியது. 2023-இல் அதை ஓப்பன் சோர்ஸ் அமைப்பான எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கொடுப்பதாக அறிவித்தது. கெர்னல் விற்றே பிழைத்த சின்னக் கம்பெனிகளுக்குத்தான் இதில் பெரிய அடி. எனக்கு அதில் வருத்தம் உண்டு, நல்ல பொறியாளர்கள் கட்டியவை அவை.

கேள்வி: கார்களில் ஓடும் க்யூஎன்எக்ஸ் ஆர்டிஓஎஸ் தாக்குப்பிடிக்குமா?

மீட்டர் போர்டிலும் ஓட்டுநர் உதவி அமைப்பிலும் பிடிக்கும். அதன் மைக்ரோகெர்னல் மிகச் சிறியது, மற்றவை அதற்கு வெளியே தனித்தனியாக ஓடும். அதனால் ஒரு டிவைஸ் டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) விழுந்தாலும் மொத்தமும் விழாது. பாட்டு, மேப் காட்டும் திரையில் ஆண்ட்ராய்டு நுழைந்துவிட்டது.

கேள்வி: கடைசி வருடம் படிக்கிறேன். எதில் இறங்கலாம்?

ஜெஃபிர் என்ற ஓப்பன் சோர்ஸ் ஆர்டிஓஎஸ்ஸில். 2016-இல் விண்ட் ரிவர் கொடுத்த கோடிலிருந்து லினக்ஸ் ஃபவுண்டேஷனில் கிளம்பியது. சிப் செய்யும் நார்டிக் கம்பெனி தன் எஸ்டிகேயையே (நிரல் எழுதுவதற்கான டூல் தொகுப்பு) அதன்மேல் கட்டியிருக்கிறது. ஒரு நார்டிக் போர்டு வாங்கி எல்இடியை மினுக்கிவிட்டு, உடனே டிவைஸ்ட்ரீயில் (போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று விவரிக்கும் கோப்பு) உட்காருங்கள். புதியவர்கள் திணறுவது அங்கேதான்.