ஏறி இறங்கும் ஐடில், நடுவழியில் அணையும் எஞ்சின்: டர்போ மாட்டிய எம்எக்ஸ்-5இல் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: என்னிடம் இருப்பது 1990 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர், மேனுவல் கியர். முன்பு வைத்திருந்தவர் டர்போ கிட் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது), காற்றை வெளியே விடும் ப்ளோ-ஆஃப் வால்வு, ஆயில் ஆவியைப் பிடித்து வைக்கும் ஆயில் கேட்ச் கேன், எடை குறைந்த ஃப்ளைவீல் எல்லாம் மாட்டியிருக்கிறார். எஞ்சின் சூடானதும் ஐடில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுழலும் வேகம், நிமிடத்துக்கு 700 சுற்றுக்கும் (ஆர்பிஎம்) 1800க்கும் இடையே ஏறி ஏறி இறங்குகிறது. சிக்னலை நெருங்கிக் கிளட்சை மிதித்தால் சில சமயம் அணைந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, அரை மணி நேரம் ஓட்டினால் ஓட்டத்திலேயே நின்றுபோய், இருபது நிமிடம் ஆறிய பிறகுதான் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. ஐடில் வால்வையும் ஆக்ஸிஜன் சென்சாரையும் மாற்றிவிட்டேன். அடுத்து எதை மாற்றலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்வதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. ஐடில் ஏறி இறங்குவது பெரும்பாலும் காற்றுக் கணக்கு பிசகியதால். சூட்டில் நின்று, ஆறியதும் ஓடுவது பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. இரண்டையும் ஒரே நோயாக நினைத்துப் பாகம் பாகமாக மாற்றினால் செலவுதான் மிஞ்சும். முதலில் ஐடிலைச் சரிசெய்யுங்கள். அது சரியாகாதவரை இரண்டாவது கோளாறைச் சோதிக்கும்போது எது எதனால் என்று பிரித்தறிய முடியாது.

இந்த 1.6 எஞ்சினில் காற்றை அளப்பது ஏர் ஃபில்டருக்கு அடுத்திருக்கும் மடல் வகை ஏர்ஃப்ளோ மீட்டர். ஸ்பிரிங் வைத்த ஒரு மடலைக் காற்று தள்ளுகிறது. மடல் எவ்வளவு திறக்கிறதோ அதற்கேற்ப எஞ்சினின் கணினியான ஈசியூ பெட்ரோல் விடுகிறது. மீட்டரைத் தாண்டிய பிறகு எந்த வழியாகக் காற்று உள்ளே வந்தாலும் அது கணக்கில் வராது. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் அப்படி ஒரு வழி கிடையாது. மாற்றங்கள் செய்த காரில் நாமே இரண்டு மூன்று வழிகளைத் திறந்து வைத்திருப்போம்.

ஆர்பிஎம் ஏன் ஊஞ்சலாடுகிறது என்று தெரிந்துகொண்டால் தேடல் சுலபமாகும். எஞ்சினுக்குள் காற்றை விடும் கதவான த்ராட்டில் மூடியிருக்கும்போது அதன் ஐடில் சுவிட்ச் 'டிரைவர் காலை எடுத்துவிட்டார்' என்று ஈசியூவுக்குச் சொல்கிறது. அந்த நிலையில் ஆர்பிஎம் ஒரு வரம்புக்கு மேல் இருந்தால், கார் இறக்கத்தில் உருள்வதாக எடுத்துக்கொண்டு ஈசியூ பெட்ரோலை நிறுத்திவிடும். கசிவுக் காற்றால் ஐடில் அந்த வரம்பைத் தொட்டதும் பெட்ரோல் நிற்கிறது, ஆர்பிஎம் விழுகிறது. கீழே வந்ததும் பெட்ரோல் மறுபடி வருகிறது, ஆர்பிஎம் ஏறுகிறது. இதுதான் உங்கள் 700–1800. ஐடில் வால்வு இதில் குற்றவாளி அல்ல. தன்னால் முடிந்தவரை மூடிப் பார்த்துத் தோற்றுப்போனது, அவ்வளவே.

முதல் சந்தேகம் கேட்ச் கேன் மேல். வால்வு கவரில் இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்று, எஞ்சினின் வயிற்றில் சேரும் வாயுவை உறிஞ்சவிடும் பிசிவி வால்வு வழியாக, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும். மற்றொன்று ஏர்ஃப்ளோ மீட்டருக்கும் த்ராட்டிலுக்கும் இடைப்பட்ட குழாயில் சேரும். பிசிவி உறிஞ்சும் அளவுக்கு ஈடாக, ஏற்கனவே அளந்த காற்று இரண்டாவது குழாய் வழியாக வரும், கணக்கு இடிக்காது. கேட்ச் கேன் மாட்டுபவர்கள் பலர் இரண்டாவது குழாயை மேலே சிறு ஃபில்டர் வைத்த கேனுக்குத் திருப்பிவிட்டு, பிசிவியை அப்படியே விட்டுவிடுவார்கள். அப்போது மேனிஃபோல்டு அந்தச் சிறு ஃபில்டர் வழியாக, எஞ்சினின் வயிற்றுக்குள் புகுந்து, வெளிக்காற்றை ஓயாமல் உறிஞ்சும்.

எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது பிசிவி ஹோஸை இடுக்கியால் மெதுவாக நசுக்குங்கள். ஊஞ்சல் நின்றால் காரணம் கையில் கிடைத்தது. தீர்வு இரண்டு. ஃபில்டர் இல்லாத, மூடிய கேனாக மாற்றி, அதன் வெளிவாயை ஏர்ஃப்ளோ மீட்டருக்கும் டர்போவுக்கும் இடையே சேர்ப்பது ஒன்று. பிசிவியை எடுத்துவிட்டு மேனிஃபோல்டு துவாரத்தை இறுக அடைத்து, இரண்டு குழாய்களையும் கேனுக்கே விடுவது மற்றொன்று. முதலாவதுதான் நல்லது. இரண்டாவதில் ஆயில் நாற்றம் காருக்குள் வரும், ஆயிலும் சீக்கிரம் கெடும். புகை விதிகள் கடுமையான பல இடங்களில் அதற்கு அனுமதியும் இல்லை.

அடுத்தது ப்ளோ-ஆஃப் வால்வு. அதன் ஸ்பிரிங் இளகலாக இருந்தால், ஐடிலில் மேனிஃபோல்டு வேக்குவமே அதை இழுத்துத் திறந்து வைத்திருக்கும். வால்வின் வாயில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். உள்ளே இழுத்தால் அங்கேயும் கள்ளக் காற்று. ஸ்பிரிங்கை இறுக்குவதால் இது தீரும். ஆனால் சிக்னலில் அணையும் தொல்லை அதனால் தீராது. காலை எடுத்த நொடியில் வால்வு வெளியே விடுவது மீட்டர் ஏற்கனவே அளந்துவிட்ட காற்று. ஈசியூ அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் விட்டிருக்கும். கலவை மிதமிஞ்சி ரிச் ஆகி (பெட்ரோல் கூடி), ஆர்பிஎம் ஐடிலுக்கும் கீழே விழுந்து எஞ்சின் மூச்சடைக்கும். மீட்டர் வைத்த எஞ்சினுக்கு, வெளியேறும் காற்றை டர்போவின் முன்குழாயிலேயே திருப்பி விடும் வகை வால்வுதான் ஏற்றது. 'புஸ்ஸ்' என்ற சத்தத்தை இழக்க மனம் வராதுதான்; அந்தச் சத்தத்துக்கான விலை சிக்னலில் அணையும் எஞ்சின்.

இந்த இரண்டையும் சரிசெய்த பின், ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். பிசிவி இணைந்திருக்கும், கசிவில்லாத 1.6 எஞ்சின் உடனே திணறும் (பிசிவியை எடுத்துவிட்டிருந்தால் இந்தச் சோதனை பொருந்தாது). எதுவுமே நடக்காதது போல் ஓடினால் இன்னும் எங்கோ ஓட்டை இருக்கிறது. பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்ஜெக்டர் ஓ-ரிங்குகள், மேனிஃபோல்டு கேஸ்கட், ஆயில் டிப்ஸ்டிக் ரப்பர், பூஸ்ட் கேஜுக்கு இழுத்த மெல்லிய குழாய், டர்போ குழாய்களின் சிலிகான் இணைப்புகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். டர்போவின் வாயில் மூடி வைத்து 5 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். ஆயில் மூடி பக்கம் லேசாகக் காற்றுச் சத்தம் கேட்டால் பதற வேண்டாம். பிஸ்டன் ரிங் வழியாகக் கொஞ்சம் போகத்தான் செய்யும். சூடான டர்போ பக்கத்தில் பிரேக் க்ளீனரோ கார்புரேட்டர் க்ளீனரோ அடித்துக் கசிவு தேடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். தீப்பிடிக்கும். குளோரின் கலந்த வகையாக இருந்தால் சூட்டில் நச்சு வாயுவும் கிளம்பும்.

கூலன்டையும் பாருங்கள். த்ராட்டில் பாடியின் அடியில் இருக்கும் ஐடில் வால்வுத் தொகுதிக்குள் மெழுகால் இயங்கும் ஒரு காற்று வால்வு உண்டு. கூலன்ட் சூடானால்தான் அது மூடும். கூலன்ட் குறைந்தாலோ, டர்போவுக்குத் தண்ணீர்க் குழாய் இழுத்த பிறகு காற்றுக்குமிழி தங்கிவிட்டாலோ, எஞ்சின் சூடாகியும் அந்த வால்வு குளிர்காலக் காற்றை விட்டுக்கொண்டே இருக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் அடிப்படை ஐடிலில் கை வைக்க வேண்டும். எஞ்சின் முழுச் சூட்டில், விளக்கு, ஏசி எல்லாம் அணைந்திருக்க, பானட்டுக்குள் இருக்கும் டயக்னோஸிஸ் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி என்று குறித்த இரண்டு முனைகளையும் ஒரு சிறு வயரால் இணையுங்கள். இப்போது ஈசியூ டைமிங்கையும் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) ஐடிலையும் தானாகத் திருத்துவதை நிறுத்திவிடும். டைமிங் லைட்டில் 10 டிகிரி முன்னதாக இருக்க வேண்டும். முந்தையவர் வேகத்துக்காக 14 டிகிரிக்குத் திருப்பியிருந்தால் திரும்ப 10க்குக் கொண்டுவாருங்கள். பூஸ்டில், அதாவது டர்போ காற்றை அழுத்தும்போது, 14 என்பது நாக்கிங்கை (கலவை தாறுமாறாக வெடிப்பதை) வரவழைக்கும். பிறகு த்ராட்டில் பாடியின் மேல், ரப்பர் மூடிக்குள் இருக்கும் காற்றுத் திருகைத் திருப்பி 850 ஆர்பிஎம் வையுங்கள். 50 கூடக் குறைய இருக்கலாம். திருகை முழுக்க மூடியும் ஆர்பிஎம் இறங்கவில்லையா? கசிவு இன்னும் மிச்சம். வயரை எடுக்க மறந்துவிடாதீர்கள்.

த்ராட்டில் தட்டு மூடி நிற்குமிடத்தில் உள்ள ஸ்டாப் ஸ்குரூவை மட்டும் தொடாதீர்கள். ஐடில் குறைகிறதே என்று அதைத் திருப்பினால் ஐடில் சுவிட்ச் மூடாமல் போகும். பிறகு ஈசியூவுக்குக் கால் எடுத்ததே தெரியாது. யாராவது ஏற்கனவே திருப்பியிருக்கலாம் என்பதால், த்ராட்டில் மூடியிருக்கையில் அந்தச் சுவிட்சில் தொடர்ச்சி இருக்கிறதா, லேசாகத் திறந்ததும் அறுகிறதா என்று மல்டிமீட்டரால் பாருங்கள்.

எடை குறைந்த ஃப்ளைவீலில் ஆர்பிஎம் சட்டென்று விழும். ஐடில் வால்வு விழித்துக்கொள்வதற்குள் எஞ்சின் அணைந்துவிடலாம். எல்லாம் சரியாகியும் எப்போதாவது அணைந்தால், 900–950 வரை ஐடிலை உயர்த்திக்கொள்வதில் தவறில்லை.

டைமிங் பார்க்கும்போது இன்னொன்று. புல்லியின் குறி ஓரிடத்தில் நிற்காமல் ஆடினாலோ, சரிசெய்த டைமிங் சில நாட்களில் தானாகப் பின்வாங்கினாலோ, க்ராங்க் ஷாஃப்டின் மூக்கை, அதாவது புல்லி மாட்டும் முன்முனையைச் சந்தேகியுங்கள். தொடக்க கால 1.6 எஞ்சின்களில் இந்த மூக்கு குட்டை. புல்லியைப் பிடித்து வைக்கும் சாவி அமரும் குழி தேய்ந்து புல்லி தளர்வது இவற்றில் பேர்போன கோளாறு. புல்லியின் நடுப்பகுதியில் நான்கு வெட்டுகள் இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் பின்னர் வந்த நீள மூக்கு. உங்களுடையது 1990 என்பதால் இதைப் பார்க்காமல் விடக்கூடாது. ஆட்டம் தெரிந்தால் அதைச் சரிசெய்யும்வரை பூஸ்டில் ஓட்டாதீர்கள்.

இனி நடுவழியில் நிற்பது. விடையில் பாதி, எஞ்சின் சாகும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில் கிடைத்துவிடும். கார் உருண்டுகொண்டிருக்க, கிளட்சை மிதிக்காமல் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். சக்கரங்கள் எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் பொத்தென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் போனது ஸ்பார்க் பக்கம்: கேம் ஷாஃப்ட் எங்கே சுழல்கிறது என்று ஈசியூவுக்குச் சொல்லும் கேம் ஆங்கிள் சென்சார், காயிலை இயக்கும் இக்னைட்டர், மெயின் ரிலே அல்லது சாவி சுவிட்ச். முள் காரின் வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் போனது பெட்ரோல்.

ஓரங்கட்டி நிறுத்தியதும் சாவியைத் திருப்புங்கள். ஸ்டார்ட் ஆகி, சாவியை விட்டதும் அணைகிறதா? இந்த 1.6இல் பெட்ரோல் பம்பை ஓடவைக்கும் சுவிட்ச் ஏர்ஃப்ளோ மீட்டரின் மடலுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்வரை பம்ப் தனி வழியில் ஓடும். அதன் பிறகு மடல் திறந்திருந்தால்தான் ஓடும். ஆகவே டர்போவின் குழாய் ஒன்று கழன்று கிடக்கலாம். முதலில் கையால் எல்லா இணைப்புகளையும் இழுத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் டயக்னோஸிஸ் பெட்டியில் எஃப்பி, ஜிஎன்டி முனைகளை இணைத்துச் சாவியை ஆன் செய்யுங்கள். பின்னாலிருந்து பம்பின் முனகல் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ரிலே, வயர், பம்ப். டாங்க் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று பலமாகக் காற்று உள்ளே இழுத்தால் டாங்கின் காற்றுவழி அடைத்திருக்கிறது.

ஸ்பார்க்கைப் பார்க்க டைமிங் லைட்டே போதும். கிளிப்பை ஒரு பிளக் வயரில் மாட்டி ஸ்டார்ட்டர் அடித்தால் மின்ன வேண்டும். காயில் 1–4, 2–3 என்று ஜோடியாக வேலை செய்கிறது. ஒரு ஜோடி மட்டும் இறந்தால் காயில் அல்லது இக்னைட்டர், நான்கும் இறந்தால் சென்சார் அல்லது மின்வழங்கல். உங்கள் காரில் எனக்கு அதிகச் சந்தேகம் கேம் ஆங்கிள் சென்சார் மேல்தான். அது ஹெட்டின் பின்பக்கம், காயிலுக்கு அருகே, டர்போவிலிருந்து புகையைக் கொண்டுபோகும் டவுன்பைப்பின் சூடு தேங்கும் மூலையில் இருக்கிறது. எஞ்சின் நின்றதும் ஈரத் துணியால் சென்சாரை மட்டும் குளிரவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். இருபது நிமிடக் காத்திருப்பு இரண்டு நிமிடமாகச் சுருங்கினால் ஆளைப் பிடித்தாயிற்று. மாற்றும்போது அதன் ஓ-ரிங்கையும் புதிதாகப் போடுங்கள். பழையது கசிந்தால் ஆயில் கீழே ஓடும் கூலன்ட் ஹோஸை ஊறவைத்துக் கெடுக்கும். டவுன்பைப்புக்கு ஒரு வெப்பத் தடுப்புத் தகடும் வேண்டும், இல்லையென்றால் புதிய சென்சாருக்கும் இதே கதிதான்.

ஈசியூ சேமித்த கோளாறு எண்களையும் படித்துவிடுங்கள். 2, 3 வந்தால் இந்தச் சென்சாரின் சிக்னல், 8 ஏர்ஃப்ளோ மீட்டர், 9 கூலன்ட் வெப்ப சென்சார், 34 ஐடில் வால்வு. 15 அல்லது 17 வந்திருந்தால் ஆக்ஸிஜன் சென்சாரை மறுபடி மாற்ற ஓடாதீர்கள்; காற்றுக் கசிவால் கலவை லீன் ஆனாலும் (பெட்ரோல் குறைந்தாலும்) இவை வரும்.

கோளாறு வீட்டில் வராமல் சாலையில் மட்டும் வந்து போக்குக் காட்டினால், பம்ப் கனெக்டரின் பாசிட்டிவ் வயரிலிருந்து 1 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்து ஒரு 12 வோல்ட் சிறு எல்இடியை டாஷ்போர்டுக்கு இழுத்து ஒட்டிக்கொண்டு ஓட்டுங்கள். எஞ்சின் சாகும்போதும் கிளட்சை மிதிக்காதீர்கள்; சக்கரங்கள் எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கையிலேயே எல்இடியும் கூடவே அணைந்தால் ரிலே பக்கம் போங்கள். எரிந்துகொண்டே இருந்து, ஆர்பிஎம் முள்ளும் மெல்ல இறங்கினால் பம்புக்கு மின்சாரம் போகிறது, பெட்ரோல்தான் வரவில்லை. ஃபில்டரையும் பிரஷரையும் அளக்க வேண்டியதுதான்.