மூலத்தரவில் ஏன் ஒன்றுமே தெரியவில்லை?

கேள்வி: ஐரோப்பிய விண்வெளி முகமையின் இஆர்எஸ் (ERS) செயற்கைக்கோளின் பழைய ரேடார் மூலத்தரவைத் திறந்து பார்த்தேன். மணலை வாரி இறைத்ததுபோல் திரை முழுக்கப் புள்ளிகள். ஆறும் இல்லை, கடற்கரையும் இல்லை. தரவு கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை, நல்ல மூலத்தரவு அப்படித்தான் இருக்கும். இஆர்எஸ் அனுப்பிய ஒவ்வொரு பல்ஸும் (ரேடார் அலைத்துடிப்பும்) 37.1 மைக்ரோவினாடி நீளம். தூரக் கணக்கில் ஏறத்தாழ 5.6 கிலோமீட்டர். தரையிலுள்ள ஒரே ஒரு பாறையின் எதிரொலி ஒரு வரியில், அதாவது ஒரு பல்ஸுக்கான பதிவில், 704 மாதிரிகளுக்குப் பரவிக் கிடக்கும். ஆன்டெனாவின் கற்றை அந்தப் பாறையைக் கடக்க அரை வினாடிக்கு மேல் பிடிப்பதால், ஆயிரத்துக்கும் அதிகமான வரிகளில் அது பதிந்திருக்கும். இந்தச் சிதறலை முதலில் ரேஞ்ச் திசையிலும் (ரேடார் பக்கவாட்டில் நோக்கும் திசை) பிறகு அசிமுத் திசையிலும் (செயற்கைக்கோள் பறக்கும் திசை) சுருக்கினால்தான் படம் பிறக்கும்.

தரவின் உடல்நலத்தைக் கண்ணால் பார்க்காதீர்கள், ஹிஸ்டோகிராம் (எந்த மதிப்பு எத்தனை முறை வருகிறது என்ற வரைபடம்) போட்டுப் பாருங்கள். மாதிரிகள் 5 பிட், அதாவது 0 முதல் 31 வரை. 15.5-ஐ ஒட்டி மணி வடிவில் குவிந்திருந்தால் சரி. இரு ஓரங்களிலும் குவியல் எழுந்தால் ரிசீவர் நிரம்பி வழிந்திருக்கிறது என்று பொருள். அதைப் பின்னால் சரிசெய்ய முடியாது. சராசரியைக் கழித்துவிட்டே அடுத்த வேலைக்குப் போங்கள்.

பெரும்பாலும் காலை வாரிவிடுவது விடுபட்ட வரிகள். வரி எண்ணில் 4011-க்கு அடுத்து 4015 வந்தால், நடுவில் மூன்று வரிகளைப் பூஜ்யத்தால் நிரப்புங்கள். 'மூன்று வரிதானே' என்று ஒட்டிவிட்டால் ஃபேஸ் (அலையின் கட்டம்) தொடர்ச்சி அறுந்து, அந்த இடத்தைச் சுற்றி ஆயிரம் வரிகளுக்குப் படம் மங்கும். பூஜ்யம் வைத்தால் வெளிச்சம் கடுகளவு குறையும், அவ்வளவுதான்.

கேள்வி: இஆர்எஸ்-2 தரவில் 2001-க்குப் பிந்தைய சில காட்சிகள் மட்டும் வரைபடத்தோடு பொருந்தாமல் சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி விழுகின்றன. சற்று மங்கலாகவும் உள்ளன.

பதில்: டாப்ளர் மையத்தில் (கற்றையின் நடுவிலிருந்து வரும் எதிரொலியின் அதிர்வெண் மாற்றத்தில்) ஒரு முழு பிஆர்எஃப் (PRF, வினாடிக்கு அனுப்பும் பல்ஸ் எண்ணிக்கை) பிசகியிருக்கிறது. 2001 தொடக்கத்தில் அந்தச் செயற்கைக்கோள் ஜைரோக்கள் (திசைமாற்றத்தை உணரும் கருவிகள்) இல்லாமல் பறக்க வேண்டியதாயிற்று. அதன்பின் கற்றை நோக்கிய திசை நிலையாக இல்லை. தரவிலிருந்து டாப்ளரைக் கணித்தால் பின்னப் பகுதிதான் கிடைக்கும். எத்தனை முழு பிஆர்எஃப் சேர்ந்திருக்கிறது என்பது அதில் தெரியாது. பிஆர்எஃப் ஏறக்குறைய 1680 ஹெர்ட்ஸ். ஒன்று தவறினால் ரேஞ்ச் நகர்வுத் திருத்தம் (கடக்கும்போது பொருளின் தூரம் மாறுவதை ஈடுசெய்வது) வினாடிக்கு 47 மீட்டர் பிசகும். கற்றை கடக்கும் நேரத்துக்குள் அது மூன்று பிக்சலைத் தாண்டிவிடும். மங்கலுக்குக் காரணம் அதுவே.

கற்றையின் முன்பாதியையும் பின்பாதியையும் தனித்தனிப் படமாக்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். ரேஞ்ச் திசையில் இரண்டும் விலகினால் ஒரு பிஆர்எஃப் கூட்டியும் குறைத்தும் மீண்டும் ஓட்டுங்கள். விலகல் மறையும் எண்ணே சரியானது.

கேள்வி: மலைகள் செயற்கைக்கோளை நோக்கிச் சாய்ந்து தெரிகின்றனவே, இதுவும் செயலாக்கப் பிழையா?

பதில்: இல்லை. ரேடார் அளப்பது சாய்தூரத்தை; அடிவாரத்தைவிட உச்சி அருகில் இருந்தால் உச்சியே முன்னால் விழும். நிலத்தின் உயர வரைபடத்தைக் கொண்டு இடத்தைத் திருத்தலாம், ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்த சரிவுகளைப் பிரித்தெடுக்க முடியாது. எதிர்த்திசையில் கடந்தபோது எடுத்த காட்சியைத் தேடுங்கள்.