கேளுங்கள், சொல்கிறோம்: கீறலில் பெயர் வாசிப்பது எப்படி?

கேள்வி: அயர்லாந்தில் ஒரு கல்லின் விளிம்பு நெடுக வெறும் கீறல்கள். இதுதான் கெல்டியரின் பழைய எழுத்து என்று யூடியூபில் ஒருவர் பெயரெல்லாம் வாசித்துக் காட்டுகிறார். உண்மையா ஐயா, கதை விடுகிறார்களா?
– வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: கதை இல்லை. கெல்டியர் என்றால் அயர்லாந்து, பிரிட்டன், பிரான்ஸ், ஸ்பெயின் பக்கங்களில் கெல்டிய மொழிகள் பேசிய பழைய மக்கள். அயர்லாந்தில் அவர்கள் எழுதிய அந்த எழுத்துக்குப் பெயர் ஓகம். பெரும்பாலும் கி.பி. 4 முதல் 6ஆம் நூற்றாண்டு வரை வெட்டியவை, அயர்லாந்து, வேல்ஸ் பக்கங்களில் ஏறத்தாழ 400 கற்கள் மிஞ்சியிருக்கின்றன. கல்லின் விளிம்பையே நடுக்கோடாக வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் ஒன்று முதல் ஐந்து கீறல் வரை போட்டால் ஐந்து எழுத்து, மறுபக்கம் போட்டால் வேறு ஐந்து, விளிம்பைத் தாண்டிச் சாய்வாக இழுத்தால் இன்னும் ஐந்து, விளிம்பிலேயே சின்னச் சின்ன வெட்டாகப் போட்டால் உயிரெழுத்து ஐந்து. ஆக 20. கீழிருந்து மேலே வாசிக்க வேண்டும்.

எந்தக் கீறல் எந்த ஒலி என்பதை யாரும் ஊகத்தில் சொல்லவில்லை. 1390 வாக்கில் எழுதப்பட்ட பாலிமோட் என்ற ஐரிஷ் கையெழுத்துப் பிரதியிலேயே எழுத்துப் பட்டியல் இருக்கிறது. அது சரிதானா என்று பார்க்க வேல்ஸின் இருமொழிக் கற்கள் உதவின. செயின்ட் டோக்மெல்ஸ் என்ற ஊரில் ஒரு கல், லத்தீனில் 'சக்ராணி ஃபிலி குனோதாமி' என்கிறது, குனோதாமின் மகன் சக்ரானுடைய கல் என்று பொருள். விளிம்பில் அதே செய்தி ஓகத்தில், மகனைக் குறிக்கும் 'ஃபிலி' வரும் இடத்தில் 'மக்வி'. மக்டொனால்ட் என்ற பெயரில் முன்னால் நிற்கும் 'மக்' இதன் வழி வந்ததுதான்.

ஓகக் கற்களில் பெரும்பாலானவை இப்படி 'இன்னாரின் மகன் இன்னாருடையது' என்ற ஒரே வாய்பாடுதான், அதனால் பாதி தேய்ந்தாலும் நடுவில் என்ன இருந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். நம் திருகோணமலை பிரட்ரிக் கோட்டை வாசல் கல்வெட்டிலும் சிதைந்த இடங்களை, குளக்கோட்டன் என்ற மன்னனின் கோயில் திருப்பணி பற்றி மக்கள் வாயில் வழங்கிய பாட்டை வைத்துத்தானே நிரப்பினார்கள்! தலைவலி எங்கே என்றால், உயிரெழுத்து விளிம்பிலேயே இருப்பதால் மழையிலும் உரசலிலும் முதலில் போவது அந்த உயிர்தான். நான்கு வெட்டா ஐந்து வெட்டா என்பதில் பெயரே மாறிவிடும். டப்ளின் உயராய்வு நிறுவனம் முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பழைய வாசிப்புகளைச் சரிபார்த்திருக்கிறது.

கேள்வி: அப்படியென்றால் கெல்டியக் கல்வெட்டு எல்லாம் வாசித்தாயிற்றா?
– அதே வாசகர்

பதில்: எழுத்தைச் சொல்ல முடிவது வேறு, அர்த்தம் தெரிவது வேறு. பிரான்ஸில் லார்சாக் என்ற இடத்தில் 1983இல் ஒரு கல்லறையில் கிடைத்த ஈயத் தகட்டில் இருப்பது ரோமன் எழுத்து, வாசிக்கலாம். பெண்களின் பெயர்கள் வருகின்றன, மந்திர தந்திரம் சம்பந்தப்பட்டது என்றும் தெரிகிறது, ஆனால் வரிக்கு வரி பொருள் சொல்லப்போனால் அறிஞர்களுக்குள் சண்டைதான். அந்தத் தகட்டில் இருப்பது காலியம், பிரான்ஸில் அன்று பேசிய கெல்டிய மொழி; அது பேச்சில் அழிந்துவிட்டது, ஐரிஷ் போல வாரிசு விடவில்லை. ஸ்பெயினின் கெல்டியக் கல்வெட்டுகளில் எழுத்தே புதிராக இருந்தது. நாணயங்களில் இருந்த ஊர்ப் பெயர்களை ரோமர் எழுதிவைத்த பெயர்களோடு ஒப்பிட்டுத்தான் ஸ்பானிய அறிஞர் கோமேஸ் மொரேனோ 1920களில் அதை உடைத்தார். அதில் க வரிசைக்கும் அதன் மெலிந்த ஒலிக்கும் (ஆங்கில g போன்றது) ஒரே எழுத்து. வெள்ளைக்காரருக்கு அது பெரிய குழப்பம், 'கல்' என்றும் 'மகன்' என்றும் ஒரே ககரத்தால் எழுதும் நமக்கு என்ன குழப்பம்?

கேள்வி: பழைய கல்வெட்டில் சோக்கட்டி பூசினால் எழுத்துத் தெளிவாகுமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: தயவுசெய்து வேண்டாம். கல்லுக்கும் கேடு, நீங்கள் பூசியதைத்தான் பிறகு வருகிறவர் வாசிப்பார். மாலையில் டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள், நிழலில் எழுத்து எழும்பும். மைப்படி (எழுத்தை மை தடவிக் காகிதத்தில் பதித்தெடுப்பது) எடுப்பதானால் தொல்பொருள் திணைக்களத்திடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.