கவுன்சலிங் அறைக்குள் அந்த 50 நிமிடம்

வாசகர் கேள்விகளுக்கு மனநலக் குழுவின் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 34. கூட்டுக்குடும்பம். எட்டு மாதமாகக் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை. மகன் பால் டம்ளரைக் கவிழ்த்தால்கூடக் கத்திவிடுகிறேன். யாரிடமாவது தனியாகப் பேச வேண்டும்போல் இருக்கிறது. கணவரோ, "பேசுறதுக்கெல்லாம் காசு கொடுப்பாங்களா? என்கிட்ட பேசு" என்கிறார். யாரிடம் போவது? போனால் என்ன செய்வார்கள்?
– வாசகி, ஈரோடு

உங்கள் கணவர் கேட்டதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். வீட்டாரிடம் பேசினால் பாரம் குறையும், சந்தேகமில்லை. ஆனால் மாமியாரால் வந்த வருத்தத்தை அவர் பெற்ற மகனிடமே எவ்வளவு தூரம் சொல்ல முடியும்? சிகிச்சையாளர் உங்கள் வீட்டில் யார் பக்கமும் இல்லாதவர். தவிர, அவர் சும்மா கேட்டுக்கொண்டிருப்பதில்லை. மனசு எங்கே சிக்குகிறது என்று பார்த்து, அதைப் பிரிக்கும் முறையைப் பழக்கிவிடுகிறார். அந்த வேலைக்குத்தான் கட்டணம்.

போவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை: தைராய்டு (டி.எஸ்.எச்.), ஹீமோகுளோபின், வைட்டமின் பி12. தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே சோர்வும் அழுகையும் வரும். அதைப் பார்க்காமல் பேச்சு சிகிச்சை மட்டும் எடுத்தால் மாதங்கள் வீணாகும்.

அடுத்து, யாரிடம் என்பது. சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேல்படிப்பு படித்தவர், மாத்திரை எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சு சிகிச்சையில் பயிற்சி பெற்றவர். மாத்திரை எழுத முடியாது. பெரும்பாலும் எம்.ஃபில். முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்திருப்பார். பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். முறையாகப் படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். 'கவுன்சலர்' என்ற பலகையை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். எம்.எஸ்சி. சைக்காலஜி படித்த அருமையான கவுன்சலர்கள் இருக்கிறார்கள். வார இறுதிச் சான்றிதழோடு கடை திறந்தவர்களும் இருக்கிறார்கள். என்ன படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி எடுத்தீர்கள், என் மாதிரிப் பிரச்சினைக்கு என்ன முறை பயன்படுத்துவீர்கள் என்று மூன்று கேள்வி கேட்டால் தெரிந்துவிடும்.

எட்டு மாதம், விடிவதற்கு முன்பே கலையும் தூக்கம், அழுகை என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால், ஒருமுறை சைக்கியாட்ரிஸ்ட்டையும் பார்த்துவிடுவது நல்லது. மனச்சோர்வு கடுமையாக இருந்தால் மாத்திரையும் பேச்சும் சேர்ந்துதான் நன்றாக வேலை செய்யும். மாத்திரையின் பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். பத்து நாளில் "ஒண்ணும் தெரியலையே" என்று நீங்களாக நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. 'செத்துப்போனால் தேவலை' என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணை அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

முதல் செஷனில் சிகிச்சையாளர்தான் நிறையக் கேட்பார்: தூக்கம், பசி, குடும்பம், பழைய நோய்கள், சாப்பிடும் மாத்திரைகள், உயிரை விடும் எண்ணம் உண்டா என்பது வரை. கடைசிக் கேள்வியைக் கேட்டால் பயந்துவிடாதீர்கள், எல்லோரிடமும் கேட்பதுதான். ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொண்டு போங்கள்: என்ன தொந்தரவு, எப்போதிருந்து, எது மாறினால் நன்றாகிவிட்டது என்று சொல்வேன். மூன்றாவது வரிதான் முக்கியம். 'நிம்மதி வேணும்' என்று எழுதினால் எதைப் பிடித்து நகர்வது? 'மகனிடம் கத்தாமல் ஒரு சாயங்காலம் போக வேண்டும்' என்று எழுதினால் அதைப் பிடித்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்கலாம்.

அதன்பின் வாரம் ஒருமுறை, 45 முதல் 60 நிமிடம். சி.பி.டி. எனப்படும் சிந்தனை–நடத்தை சிகிச்சை பெரும்பாலும் 12 முதல் 20 செஷன் வரை போகும். வீட்டுப்பாடம் உண்டு. உங்கள் பால் டம்ளரையே எடுத்துக்கொள்வோம். நோட்டில் கோடு போட்டு எழுதச் சொல்வார்கள்: செவ்வாய், மாலை 6.10. பால் கொட்டியது. மனசில் ஓடியது: 'மாமியார் பார்த்தால் பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் என்பார்.' அதை நம்பியது 90 சதவீதம். உடம்பில்: தாடை இறுகியது, நெஞ்சு படபடத்தது. செய்தது: கத்தினேன். அடுத்த கட்டத்தில், அந்த நினைப்புக்கு எது ஆதாரம், எது எதிர் ஆதாரம். இரண்டையும் எழுதிவிட்டு மறுபடி மதிப்பெண் போட்டால், 90 என்பது 50க்கு இறங்கக்கூடும். கோபம் பால்மேல் இல்லை என்பது அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. வாரம் மூன்று நிகழ்ச்சி எழுதினால் போதும். எழுதாமலே போய் உட்கார்ந்தால் செஷனில் பாதி, வாரக் கதை சொல்வதிலேயே கரைந்துவிடும்.

ஆன்லைனிலும் செய்யலாம். ஆனால் கூட்டுக்குடும்பத்தில் கதவைச் சாத்திக்கொண்டு 50 நிமிடம் பேச இடம் கிடைப்பதே பெரும்பாடு. இயர்போனும் மொட்டைமாடியும் கைகொடுக்கும்; இல்லையென்றால் நேரில் போவதே மேல்.

கேள்வி: ஐந்து செஷன் போயாகிவிட்டது. போய்வந்த அன்று முன்பைவிட மனசு கனமாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா?
– வாசகர், திருச்சி

மூடி வைத்ததைத் திறந்த அன்று கனக்கத்தான் செய்யும். அந்தக் கனம் ஓரிரு நாளில் இறங்கினால் கவலை வேண்டாம். இறங்காமல், வாரா வாரம் தூக்கமும் வேலையும் கெட்டுக்கொண்டே போனால், போகும் வேகம் உங்களுக்கு அதிகம் என்று அர்த்தம். அடுத்த செஷனின் முதல் ஐந்து நிமிடத்தில் இதையே சொல்லுங்கள். பலர் கிளம்பும்போது, செருப்பு மாட்டிக்கொண்டு சொல்கிறார்கள்; அப்போது பேச நேரம் இருப்பதில்லை.

பலன் தெரிகிறதா என்பதை அளந்தும் பார்க்கலாம். மனச்சோர்வுக்கு பி.எச்.க்யூ–9 என்ற கேள்வித்தாள் இருக்கிறது. ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டிய அளவு. தொடக்கத்தில் ஒன்று, நான்கு வாரத்துக்கு ஒன்று என நிரப்பி வாருங்கள். ஐந்து புள்ளி இறங்கினால் உண்மையான முன்னேற்றம். ஆறேழு செஷன் ஆகியும் எண் அசையவில்லை என்றால், முறையை மாற்றலாமா, மருந்து சேர்க்கலாமா, வேறொருவரிடம் அனுப்புகிறீர்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

காத்திருக்காமல் உடனே விலக வேண்டிய இடங்களும் உண்டு. முதல் நாளே "கல்யாணம் பண்ணினா சரியாயிடும்" என்று தீர்ப்புச் சொல்பவர், இன்னொரு நோயாளியின் கதையை ஊர் பேரோடு சொல்பவர், வெளியில் காபிக்கு அழைப்பவர், தொடுபவர். இவர்களிடம் விளக்கம் கேட்டுக்கொண்டுகூட நிற்க வேண்டாம்.

கேள்வி: தனியார் கட்டணம் எனக்குக் கட்டுப்படியாகாது. அரசு மருத்துவமனையில் இதெல்லாம் உண்டா? ஊருக்குள் தெரிந்துவிடுமா?
– வாசகர், விருதுநகர்

உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் பிரிவு அரசுத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இருக்கும். காலையில் ஓ.பி. சீட்டு போட்டு 'மனநலப் பிரிவு' என்று கேளுங்கள். கூட்டம் அதிகம், டாக்டர் உங்களோடு சில நிமிடமே பேச முடியும். அந்த நிமிடங்களில், "மாத்திரை மட்டும் போதாது, சைக்காலஜிஸ்ட்டிடம் தனியாகப் பேச வேண்டும், அனுப்புங்கள்" என்று வாய்விட்டுக் கேட்டால்தான் அந்த வழி திறக்கும். சைக்காலஜிஸ்ட் வரும் நாளைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ரகசியத்தைப் பொறுத்தவரை, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதை உங்கள் உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு, குழந்தைமீதான பாலியல் குற்றம் போன்ற சில நிலைகளில்தான் விலக்கு. இன்சூரன்ஸில் மனநோய்க்கும் இடம் தர வேண்டும் என்கிறது அதே சட்டம். ஆனால் பல பாலிசிகள் மருத்துவமனையில் அட்மிட் ஆனால்தான் பணம் தருகின்றன. வாரச் செஷனுக்குக் கிடைக்குமா என்று பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 19 வயது மகள் தெரபிக்குப் போகிறாள். காசு நான்தான் கட்டுகிறேன். அவள் என்ன சொல்கிறாள் என்று தெரபிஸ்ட் என்னிடம் சொல்ல மறுக்கிறாரே, சரியா?
– ஒரு தாய், மதுரை

சரிதான் அம்மா. 18 முடிந்தவள், அவள் சம்மதம் இல்லாமல் சொல்லக் கூடாது. அவள் உயிருக்கு ஆபத்து என்று பட்டால் அவரே உங்களை அழைப்பார். மகளுக்கு இஷ்டம் இருந்தால் அவளையும் வைத்துக்கொண்டு ஒரு செஷன் சேர்ந்து உட்காரலாம்; அதை அவளிடமே கேளுங்கள். செஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் "என்ன பேசினே?" என்று கேட்காமல், "சாப்பிட என்ன வேணும்?" என்று கேளுங்கள்.