‘நெக்ஸ்ட் சீசன்’ ஏன் மனதில் ஒட்டவில்லை? – அனிமே கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் பலவும் ஒரே படைப்பைச் சுற்றியே இருக்கின்றன. 2003-இல் வந்த ‘கிமி கா நோசோமு எய்யென்’, அதாவது ‘ரம்ப்ளிங் ஹார்ட்ஸ்’ என்ற பெயரிலும் பலர் பார்த்த ஜப்பானிய அனிமே தொடர். அதே ஆட்களை வைத்து 2007-இல் வந்த நான்கு எபிசோட்தான் ‘நெக்ஸ்ட் சீசன்’. முடிவு தெரியாமல் இருக்க விரும்புகிறவர்கள் முதலில் அந்த 14 எபிசோடையும் பார்த்துவிட்டு வாருங்கள். கதையைத் தொடாமல் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாது.

கேள்வி: தொடரைப் பார்த்து அழாத ஆள் எங்கள் நண்பர்களில் இல்லை. அதே ஆசையோடு ‘நெக்ஸ்ட் சீசன்’ பார்த்தோம். அதே ஆட்கள், அதே சிக்கல், ஆனால் எதுவுமே உறைக்கவில்லை. ஏன்?

பதில்: முதலில் கணக்கைப் பார்ப்போம். தொலைக்காட்சி எபிசோட் ஒன்று ஏறத்தாழ 24 நிமிடம். தொடக்கப் பாடலுக்கும் முடிவுப் பாடலுக்கும் ஒன்றரை நிமிடம் வீதம் கழித்தால் கதைக்கு மிஞ்சுவது 21 நிமிடம். 14 எபிசோடுக்கு ஐந்து மணி நேரம் வருகிறது. ‘நெக்ஸ்ட் சீசன்’ நான்கே எபிசோட். அதிகம் போனால் இரண்டு மணி நேரம். நாயகி ஹருகா விபத்தில் சிக்குவதற்கு முந்தைய பள்ளி நாட்களுக்குத் தொடர் இரண்டு முழு எபிசோடைத் தாராளமாகக் கொடுத்தது. நான்கு எபிசோடில் அதே வேலையைச் செய்யப் போனால் பாதிப் படம் அதிலேயே தீர்ந்துவிடும். அதனால் உங்களுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு ‘நெக்ஸ்ட் சீசன்’ ஓடுகிறது.

ஆனால் இந்தக் கதை நிற்பதே கடந்துபோன காலத்தின் மேல்தான். இரண்டாம் எபிசோடை நினைத்துப் பாருங்கள். ஹருகா ஸ்டேஷன் எதிரே காதலன் தகாயுகிக்காகக் காத்திருக்கிறாள். வரும் வழியில் அவன் இருவருக்கும் தோழியான மித்சுகியைப் பார்க்கிறான். அன்று மித்சுகியின் பிறந்தநாள். அவளுக்கு ஒரு மோதிரம் வாங்கிக் கொடுக்கிறான்; அதில் நேரம் போய்விடுகிறது. ஸ்டேஷனுக்கு வந்தால் கூட்டம், போலீஸ், நொறுங்கிக் கிடக்கும் தொலைபேசிக் கூண்டு. அடிபட்ட ஹருகா நினைவிழந்துவிடுகிறாள். அவன் செய்தது துரோகமில்லை. தோழிக்குச் செய்த சின்ன அன்பு, அவ்வளவுதான். ஆனால் மித்சுகியைப் பொறுத்தவரை அந்த மோதிரம் ஒரே நேரத்தில் ஆசையும் குற்ற உணர்வும் ஆகிவிடுகிறது. மூன்றாம் எபிசோட் தொடங்கும்போது மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. நாள் தவறாமல் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்த தகாயுகியிடம் ஹருகாவின் அப்பாவே ‘இனி வர வேண்டாம்’ என்று சொல்லியிருக்கிறார். உடைந்துபோன அவனைத் தேற்றுவதற்காக மித்சுகி நீச்சலையே விட்டிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து ஹருகா கண் விழிக்கிறாள். காலம் போனதே அவளுக்குத் தெரியவில்லை. போகாதது போலவே நடியுங்கள் என்று டாக்டர் கேட்டுக்கொள்கிறார்.

அதன் பிறகு தொடர் செய்தது ஒன்றே ஒன்றுதான்: தகாயுகியைத் திரும்பத் திரும்ப அதே ஆஸ்பத்திரி அறைக்கும், திரும்பத் திரும்ப மித்சுகியிடமும் அனுப்பியது. பார்க்கிற நமக்கே சலிப்பும் கோபமும் வரும் அளவுக்கு அனுப்பியது. அவன் கடைசியில் மித்சுகியைத் தேர்ந்தெடுக்கும்போது நமக்கு வலிப்பதற்குக் காரணம், ஹருகாவின் கட்டிலருகே நாமும் அத்தனை முறை உட்கார்ந்திருந்ததுதான்.

‘நெக்ஸ்ட் சீசன்’ முடிவை மாற்றி ஹருகாவிடம் கொடுக்கிறது. அதில் தவறே இல்லை. அவளுக்கும் நியாயம் உண்டு. ஆனால் இந்த முறை மித்சுகி இழப்பதை நாம் அதே அளவு சுமந்திருக்க வேண்டும். அதற்கு நான்கு எபிசோடில் இடமில்லை. தொடரில் அவள் மூன்று வருட வாழ்க்கையைப் பணயம் வைத்த பெண். இங்கே தாண்டிப் போக வேண்டிய தடை ஆகிவிடுகிறாள். அவளோடு சேர்ந்து ஹருகாவின் வெற்றியும் கனம் இழக்கிறது.

கேள்வி: ‘நெக்ஸ்ட் சீசன்’ என்று பெயர் இருப்பதால் தகாயுகி–மித்சுகி வாழ்க்கை பிறகு என்ன ஆனது என்று காட்டுவார்கள் என்று நினைத்தேன். காட்டவில்லையே?

பதில்: அது தொடர்ச்சி இல்லை, மாற்றுப் பாதை. மூலம் 2001-இல் ‘ஆஜ்’ (âge) நிறுவனம் வெளியிட்ட விஷுவல் நாவல் விளையாட்டு. அதில் நீங்கள் எடுக்கும் முடிவுகளைப் பொறுத்துக் கதை வெவ்வேறு பெண்களை நோக்கிப் பிரியும். இந்தப் பிரிவுகளைத்தான் ரசிகர்கள் ‘ரூட்’ என்கிறார்கள். 2003 தொடர் மித்சுகி பக்கம் முடிந்தது. ‘நெக்ஸ்ட் சீசன்’ ஹருகா ரூட். தொடரின் 14-ஆம் எபிசோடுக்குப் பிறகான கதை என்று எடுத்துக்கொண்டால் முதல் நிமிடத்திலிருந்தே குழப்பம்தான். வந்த ஏமாற்றத்தில் ஒரு பங்கு அந்தப் பெயருக்கே போய்ச் சேர வேண்டும்.

விளையாட்டில் இது உறுத்தாது. முதல் அத்தியாயம் எல்லோருக்கும் பொது. விபத்து நடந்த பிறகுதான் தொடக்கப் பாடலே ஒலிக்கும். ஒரு ரூட்டை முடித்துவிட்டு இன்னொன்றைத் தொடங்கும்போது, முதலில் கைவிட்ட பெண்ணின் முகம் உங்களோடு வரும், முடிவெடுத்ததும் நீங்கள்தான். அனிமேயில் முடிவெடுப்பது தகாயுகி. ஒரு முறை அவன் அவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்த முடிவை அழித்து வேறொன்று எழுதினால், முதல் முடிவின் மதிப்பும் குறைந்ததாகவே தோன்றும்.

கேள்வி: படமும் வித்தியாசமாகத் தெரிந்தது. ஆட்களை மாற்றிவிட்டார்களா?

பதில்: ஆமாம். தொடரைச் செய்தது ஸ்டூடியோ ஃபான்டாசியா. இயக்கியவர் தெத்சுயா வதனாபே. ‘நெக்ஸ்ட் சீசன்’ பிரெய்ன்ஸ் பேஸ் ஸ்டூடியோவில் உருவானது. அதுவும் தொலைக்காட்சிக்கு இல்லாமல், 2007 டிசம்பரிலிருந்து வட்டுகளாக விற்ற ஓ.வி.ஏ.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. அடுத்த பாகம் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் ஸ்டூடியோ முடிவு செய்வதில்லை. பதிப்பகம், வட்டு விற்கும் நிறுவனம், இசை நிறுவனம், சில சமயம் தொலைக்காட்சி நிலையம் எல்லாம் பணம் போட்டுச் சேர்ந்த தயாரிப்புக் குழு முடிவு செய்கிறது. ஸ்டூடியோ பெரும்பாலும் கூலிக்கு வேலை செய்யும் இடம். நான்கு வருடம் கழித்துக் குழு ‘செய்யலாம்’ என்று சொல்லும்போது பழைய இயக்குநரும் ஓவியர்களும் வேறு வேலைகளில் ஒப்பந்தமாகியிருப்பார்கள். புதிதாக வருகிறவர் திறமைசாலியாகவே இருந்தாலும், எந்த மௌனத்தை எத்தனை நொடி நீட்ட வேண்டும் என்பதைப் பழையவர்கள் 14 எபிசோடில் பழகியிருந்தார்கள். காதல் கதையில் அந்தப் பழக்கம் போனால் உடனே தெரியும். சண்டைப் படத்தில் இவ்வளவு தெரியாது.

கேள்வி: ‘அகானே மேனியாக்ஸ்’ என்று ஒன்று இருக்கிறதே. எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

பதில்: தொடர் 14 எபிசோட் முதலில். ‘அகானே மேனியாக்ஸ்’ மூன்று எபிசோட் ஓ.வி.ஏ. ஹருகாவின் தங்கை அகானே மேல் ஜோஜி கோடா என்ற மாணவன் கொள்ளும் ஒருதலைக் காதல், முழுக்க நகைச்சுவை. தொடரில் அகானே மித்சுகியை எப்படி வெறுத்தாள், ஒரு காலத்தில் அவளைப் பார்த்துத்தான் நீச்சலே கற்றாள் என்பதெல்லாம் மனதில் சூடாக இருக்கும்போது அதைப் போட்டால் எரிச்சல்தான் வரும். விட்டுவிட்டாலும் கதையில் ஓட்டை விழாது.

‘நெக்ஸ்ட் சீசன்’ பார்ப்பதென்றால் 14-ஆம் எபிசோட் முடிந்த கையோடு பார்க்காதீர்கள். சில வாரம் இடைவெளி விடுங்கள். பிறகு தொடரின் முதல் இரண்டு எபிசோடை மறுபடி பார்த்துவிட்டு, நேராக ‘நெக்ஸ்ட் சீசன்’ முதல் எபிசோடுக்குப் போங்கள். அந்த ஓ.வி.ஏ. சொல்லாமல் விட்ட முன்கதை அந்த இரண்டில்தான் இருக்கிறது. மித்சுகியின் பழைய முடிவு அப்போது உங்கள் கண்ணில் இருக்காது. இந்த நாலும் கொஞ்சமாவது மூச்சுவிடும்.

கேள்வி: பிடித்த காதல் அனிமேக்கு அடுத்த பாகம் வருகிறது என்றாலே பயமாக இருக்கிறது. நன்றாக இருக்குமா என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: உறுதியாக முடியாது. ஆனால் அறிவிப்பிலேயே நிறையத் தெரிந்துவிடும். முதலில் பார்க்க வேண்டியது இயக்குநர் பெயரை இல்லை, கதைத் தொகுப்பாளர் பெயரை. எந்தக் காட்சி எந்த எபிசோடில் வரும் என்று மொத்தத்தையும் பிரித்து வைப்பவர் அவர். ‘ஹனி அண்ட் க்ளோவர்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2005-இல் கெனிச்சி கசாய் இயக்கினார்; 2006 இரண்டாம் சீசனுக்குத் தத்சுயுகி நகாய் வந்தார். இயக்குநர் மாறியும் தொடர் கெடவில்லை, இன்னும் நெருக்கமானது என்றே சொல்வேன். ஸ்டூடியோ அதே ஜே.சி.ஸ்டாஃப், தொகுப்பு அதே யோசுகே குரோதா. அதைவிட முக்கியம், மூல மாங்காவும் (ஜப்பானியப் படக்கதை) அதே 2006-இல் முடிவுக்கு வந்ததால் போய்ச் சேர வேண்டிய இடம் தெரிந்திருந்தது.

‘நோதாமே கான்தாபிலே’யைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2007-இல் கசாய் இயக்கிய முதல் சீசன் 23 எபிசோட். 2008-இல் பாரிஸ் பகுதிக்கு சியாகி கோன் வந்தார். கிடைத்தது 11 எபிசோட். 2010-இல் ‘ஃபினாலே’, அதுவும் 11. பாரிஸ் பகுதியில் புது ஊர், புது மாணவர்கள், நாயகி நோதாமேயின் கல்லூரிப் போராட்டம், நாயகன் சியாகியின் ஆர்கெஸ்ட்ரா எல்லாம் அந்தப் 11-இல் அடங்க வேண்டும். ஒரு கச்சேரிக் காட்சிக்கே எபிசோடில் பெரும்பகுதி போய்விடும். காதலுக்கு மிஞ்சியது துண்டு துண்டான நேரம். முழுதாக மோசம் இல்லை, ஆனால் முதல் சீசனின் நிதானம் இல்லை. எனவே எபிசோட் எண்ணிக்கையை மூலக் கதையில் மிச்சமிருக்கும் தொகுதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதி எண்ணிக்கையில் அதே அளவு கதை என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: ‘நானா’ இரண்டாம் சீசன் வருமா?

பதில்: மேட்ஹவுஸ் ஸ்டூடியோ 2006–2007-இல் 47 எபிசோட் செய்தது, இயக்கம் மோரியோ அசாகா. மூல மாங்கா 21 தொகுதிகளோடு 2009-இல் ஆசிரியர் ஐ யசாவாவின் உடல்நலக் குறைவால் நின்றது. முடிவு எழுதப்படாத கதைக்கு அவசரமாக ஒரு முடிவைத் தைத்துத் தருவதைவிட அந்த 47 அப்படியே இருப்பது மேல். நடிகர்களை வைத்து எடுத்த ‘நானா’ படத்தின் இரண்டாம் பாகம் 2006-இல் வந்தபோது இரு நாயகிகளில் ஒருத்தியான ஹாச்சியாக நடித்த அஓய் மியசாகிக்குப் பதில் யுய் இச்சிகாவா வந்தார். ரென், ஷின் வேடங்களிலும் ஆள் மாறியது. இரு பெண்களின் நட்பே உயிராக இருக்கும் கதையில் ஒருத்தியின் முகம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அதைப் பார்த்தாலே போதும்.

கேள்வி: ‘வொதாகோய்’ ஆபீஸ் காதல் எனக்கு உயிர். 11 எபிசோடோடு நின்றுவிட்டதா?

பதில்: 2018 தொடருக்குப் பிறகு மாங்கா தொகுதிகளோடு சேர்த்து ஓ.வி.ஏ. எபிசோட்கள் வந்தன. பெரிய கதை எதையும் நகர்த்தாத சின்னச் சின்ன நிகழ்ச்சிகள் என்பதால் ஏமாற்றவில்லை. அந்த அளவுக்கே ஆசைப்பட்டார்கள். மாங்கா 2021-இல் முடிந்துவிட்டது, மிச்சத்தை அதில் படிக்கலாம்.

கேள்வி: ‘ஒயிட் ஆல்பம் 2’ பார்க்க ‘ஒயிட் ஆல்பம்’ பார்த்திருக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஆட்கள் வேறு, கதை வேறு. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள்: 2013-இன் 13 எபிசோட் மூல விளையாட்டின் அறிமுகப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது. கதையின் ஆட்கள் பெரியவர்களான பிறகு வரும் நீண்ட பகுதி அனிமேயாகவில்லை. கடைசி எபிசோட் கதவை மூடாமல் போவது போலத் தோன்றினால் காரணம் அதுதான்.

கேள்வி: நான் ஹருகா பக்கம். ‘நெக்ஸ்ட் சீசனில்’ எனக்கு ஒன்றுமே இல்லையா?

பதில்: இருக்கிறது. ஹருகாவுக்குக் குரல் கொடுத்த மினாமி குரிபயாஷிதான் தொடரின் ‘பிரெஷஸ் மெமரீஸ்’ தொடக்கப் பாடலையும் பாடியவர். தொடரில் அவருடைய ஹருகா பெரும்பாலும் படுக்கையில், பாதி மயக்கத்தில், பயந்த குரலில் பேசுகிறாள். இங்கே விழித்தெழுந்து, இழந்த மூன்று வருடத்தைத் தெரிந்துகொண்டு பேசும் ஹருகாவை நெடுநேரம் கேட்க முடிகிறது. படக்கதைப் புத்தகம் எழுத வேண்டும் என்ற அவளுடைய ஆசையை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள். தகாயுகி கிடைப்பதோடு அவள் முடிந்துவிடவில்லை என்று தெரியும். அதற்கு மேல் ஆழம் வேண்டுமென்றால் மூல விளையாட்டின் ஹருகா ரூட்தான் வழி. அது வயதுவந்தவர்களுக்கு மட்டுமான வெளியீடு, பொறுமையும் நிறைய வேண்டும். முதல் அத்தியாயத்தை மட்டும் வேகமாகத் தாண்டிவிடாதீர்கள்.